விமானமா, பேருந்தா, பட்டறையா: நீண்ட காலத்துக்கு எந்தப் பங்கு?

சிங்கப்பூரில் பங்கு வாங்கிச் சேர்க்கும் நம்மவர்களின் கணக்கைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே முகம்தான். டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி மூன்றும் இருக்கும். கூடவே இரண்டு மூன்று ரீட், அதாவது கட்டடங்களை வைத்து வாடகை ஈட்டிப் பங்கிட்டுத் தரும் நிதி. சிங்கப்பூர்ச் சந்தையின் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இடிஎஃப் நிதி மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் கதை மாறாது. அந்தக் குறியீட்டின் எடையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று வங்கிகள்தான். வங்கியும் ரீட்டும் வட்டி விகிதத்தோடு கட்டுண்டவை. எனவே அடுத்து வாங்குவது தொழில்துறையாகவோ போக்குவரத்தாகவோ இருக்கட்டும் என்று ஒருவர் நினைத்தால் அது நியாயமான நினைப்பு. எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல்.

பத்துப் பதினைந்து ஆண்டு கை வைக்காமல் விட்டுவிடக்கூடிய பணத்தை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீடு. மூன்று மாதத்தில் விற்றுவிட்டு நகர்பவருக்குக் கணக்கே வேறு.

ஒரு சின்ன வருத்தத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரின் மிகச் சிறந்த போக்குவரத்துச் சொத்துகள் சந்தையில் கிடைக்காது. துறைமுகத்தை நடத்தும் பிஎஸ்ஏ, அரசாங்க முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கின் கையில் இருக்கிறது. சாங்கி விமான நிலையக் குழுமம் நிதி அமைச்சின் கையில். ரயிலும் பேருந்தும் ஓட்டும் எஸ்எம்ஆர்டி 2000ஆம் ஆண்டு பங்குச்சந்தைப் பட்டியலில் ஏறியது, 2016இல் பங்குக்கு 1.68 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து தெமாசெக் மிச்சத்தையும் வாங்கிக்கொண்டது. நெப்டியூன் ஓரியண்ட் லைன்ஸ் கப்பல் நிறுவனமும் அதே ஆண்டில் 1.30 வெள்ளிக்கு பிரெஞ்சுக்காரர்களின் சிஎம்ஏ சிஜிஎம்முக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பதில்தான் நாம் தேட வேண்டும்.

தேடும்போது பலரும் முதலில் பார்ப்பது ஈவுத்தொகை விகிதம். வங்கிக்கு அது ஓரளவு சரிப்படும். இங்கே சரிப்படாது. விமானம், கப்பல்தளம், பேருந்து, கிரேன் எல்லாமே தேயும் சொத்து. தேய்ந்ததை மாற்றியே ஆக வேண்டும். மாற்றும் பணம் நல்ல காலத்தில் ஒதுக்கி வைத்த லாபத்திலிருந்து வரலாம், கடனிலிருந்து வரலாம், இல்லையென்றால் நம் பையிலிருந்து வரும். மூன்றாவது வழிக்குப் பெயர் ரைட்ஸ், ஏற்கனவே பங்கு வைத்திருப்பவரிடமே புதுப் பங்கை விற்றுப் பணம் கேட்பது. அதனால் நான் முதலில் பார்ப்பது நிறுவனத்தின் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையை. ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களில் பங்குதாரர் புள்ளிவிவரம் என்று ஒரு பக்கம் வரும். அங்கேயே அந்த எண் இருக்கும். பத்தாண்டுக்கு முந்தைய அறிக்கையையும் இறக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை.

இந்த ஐந்து நிமிடத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் (எஸ்ஐஏ) எப்படித் தெரிகிறது என்று பார்ப்போம். 2020 மார்ச் மாதம் கொவிட் வந்து வானம் காலியானபோது அதன் பங்கு விலை 6.50 வெள்ளி. அப்போது 1,000 பங்கு வைத்திருந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் 6,500 வெள்ளி மதிப்பு. நிறுவனம் ரைட்ஸ் அறிவித்தது. இரண்டு பங்குக்கு மூன்று புதுப் பங்கு, விலை 3 வெள்ளி. இவருக்கு 1,500 பங்கு, அதாவது 4,500 வெள்ளி. அதோடு நூறு பங்குக்கு 295 என்ற கணக்கில் கட்டாய மாற்றுப் பத்திரம், அதாவது நிறுவனம் திருப்பி வாங்காவிட்டால் கடைசியில் பங்காக மாறும் பத்திரம், ஒன்று ஒரு வெள்ளி. அது 2,950 வெள்ளி. அடுத்த ஆண்டு மறுபடியும் பத்திரம், இந்த முறை நூறு பங்குக்கு 209. இப்போது இவரிடம் 2,500 பங்கு இருப்பதால் 5,225 வெள்ளி. கூட்டிப் பாருங்கள். 6,500 வெள்ளி மதிப்புள்ள பங்கு வைத்திருந்தவரிடம் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் 12,675 வெள்ளி கேட்டிருக்கிறார்கள். வேலையே நிச்சயமில்லாத அந்தக் காலத்தில்.

கொடுத்தவர்கள் ஏமாறவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பத்திரங்களை நிறுவனம் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டது, 3 வெள்ளிக்கு வாங்கிய பங்கும் நன்றாக ஏறியது. 2020/21இல் 4.27 பில்லியன் வெள்ளி நட்டம் கண்ட நிறுவனம் 2023/24இல் 2.67 பில்லியன் லாபம் கண்டது, அதுவரை இல்லாத சாதனை. பங்குக்கு 48 காசு ஈவுத்தொகையும் கொடுத்தது. ஆனால் பங்குகளின் எண்ணிக்கை 1.19 பில்லியனிலிருந்து 2.97 பில்லியனாகிவிட்டது. நான்கு பேருக்கு வடித்த சோற்றைப் பத்துப் பேருக்குப் பரிமாறுகிற கணக்கு. அந்தச் சாதனை லாபத்தை இத்தனை பங்குகளுக்குப் பங்கிட்டால் பங்குக்கு ஏறக்குறைய 90 காசு. 2010/11இல் லாபம் 1.09 பில்லியன்தான், அன்றைய பங்குகளுக்குப் பங்கிட்டால் அதுவும் 90 காசுக்குச் சற்று மேலேதான் வருகிறது. நடுவே கழிந்தது பதின்மூன்று ஆண்டு. 2024/25இன் லாபம் இன்னும் பெரியது, 2.78 பில்லியன். அதில் சுமார் 1.1 பில்லியன், எஸ்ஐஏவுக்குப் பங்கு இருந்த இந்திய விமான நிறுவனம் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது கணக்கேட்டில் ஏறிய ஒருமுறை லாபம். அந்த இணைப்பால் ஏர் இந்தியாவில் 25.1 விழுக்காடு கைக்கு வந்தது, அதன் நட்டத்திலும் அதே பங்கு.

உலகின் தலைசிறந்த விமான நிறுவனங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊருக்குப் போகும்போது ஏறி உட்கார ஆசைப்படுவதும் அதில்தான். ஆனால் டிக்கெட் விலையை அது தீர்மானிப்பதில்லை, பக்கத்து விமானம் தீர்மானிக்கிறது. எண்ணெய் விலையும் அதன் கையில் இல்லை. நீண்ட காலம் பூட்டி வைக்கும் பங்காக இதை நான் எடுக்க மாட்டேன். எல்லோரும் பயந்து விற்கும் காலத்தில் வாங்கி, சாதனை லாபம் என்று செய்தி வரும்போது கொடுத்துவிடுவதற்கு நல்ல பங்கு.

சரி, தரையில் ஓடுவதைப் பார்ப்போம். கம்ஃபர்ட் டெல்குரோ 2003இல் கம்ஃபர்ட், டெல்குரோ என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து பிறந்தது. எஸ்பிஎஸ் டிரான்சிட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இதன் கையில் இருக்கிறது. அதாவது வடகிழக்கு ரயில் பாதை, டௌன்டவுன் பாதை, ஊரில் ஓடும் பேருந்துகளில் பெரும்பகுதி. லண்டன், ஆஸ்திரேலியா, சீனாவிலும் தொழில் உண்டு. கொவிட் காலத்திலும் பங்குதாரரிடம் கை நீட்டவில்லை. பங்குகளின் எண்ணிக்கை பத்தாண்டாக 2.1 பில்லியன் சொச்சத்திலேயே நிற்கிறது. என் முதல் சோதனையில் இது தேறிவிடுகிறது.

பேருந்துத் தொழிலின் உள்வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2016இலிருந்து சிங்கப்பூரில் பேருந்துகளும் பணிமனைகளும் அரசாங்கத்தின் சொத்து. நாம் அட்டையைத் தட்டும்போது போகும் கட்டணமும் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்குப் போகிறது. நிறுவனம் ஓட்டுநரை வைத்து வண்டியை ஓட்டிக் கொடுத்துக் கூலி வாங்குகிறது. ஒப்பந்தம் ஐந்து ஆண்டு, நன்றாக நடத்தினால் இன்னும் இரண்டு. வண்டி பழசானால் மாற்றும் செலவு அரசாங்கத்துடையது. முதலீட்டாளருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் ஒப்பந்தம் முடியும்போது ஏலத்தில் இறங்கி எஸ்எம்ஆர்டி, டவர் டிரான்சிட், கோ அஹெட் ஆகியோரோடு போட்டி போட வேண்டும். குறைந்த விலை கேட்டால் லாபம் மெலியும், கூட்டிக் கேட்டால் ஒப்பந்தமே போகும். ஆக, சீராக வரும், பெரிதாக வளராது.

டாக்சி கதை வேறு. 2014இல் ஊரில் 28,000க்கு மேல் டாக்சிகள் ஓடின. பத்தாண்டில் அது பாதிக்கும் கீழே போய்விட்டது. கைப்பேசியில் வண்டி அழைக்கும் கிராப் வந்த கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. 2015ஐ ஒட்டி 3 வெள்ளியைத் தொட்ட கம்ஃபர்ட் பங்கு, 2020க்குப் பிறகு ஒன்றரை வெள்ளிக்குப் பக்கத்திலேயே பல ஆண்டு சுற்றிக்கொண்டிருந்தது. பங்குகளின் எண்ணிக்கை கூடாமல் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சாட்சி. லாபத்தில் பெரும்பகுதியை ஈவாகக் கொடுத்துவிடுவதால் அந்த விலையில் விகிதம் 5 விழுக்காட்டைத் தாண்டும். பணி ஓய்வுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இது பிடிக்கும். முப்பத்தைந்து வயதுக்காரர் இதையே மையமாக வைத்துக்கொள்வது சரியாக இருக்காது.

பட்டறைப் பக்கம் வருவோம். எஸ்டி என்ஜினியரிங் 1997இல் நான்கு நிறுவனங்களை இணைத்து உருவானது. விமானம் பழுதுபார்ப்பது, பயணிகள் விமானத்தைச் சரக்கு விமானமாக மாற்றுவது, ராணுவ வண்டி, போர்க்கப்பல், சாலைக் கட்டண முறை என்று கை நிறைய வேலை. பத்தாண்டுக்கு முன்னும் 3.1 பில்லியன் பங்கு, இன்றும் 3.1 பில்லியன். 2022இல் அமெரிக்காவின் டிரான்ஸ்கோர் நிறுவனத்தை 2.68 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியபோதும் கடன் வாங்கித்தான் வாங்கியது, ரைட்ஸ் இல்லை. வட்டி ஏறிய ஆண்டு என்பதால் அந்தக் கடன் உறுத்தத்தான் செய்தது. அதே டிரான்ஸ்கோர்தான் 2025 ஜனவரியில் நியூயார்க் மேன்ஹாட்டனில் தொடங்கிய நெரிசல் கட்டண முறையை நடத்துகிறது. நம்மூர் மின்னியல் சாலைக் கட்டணமான இஆர்பி போன்ற ஒன்றை அமெரிக்காவில் ஒரு சிங்கப்பூர் நிறுவனத்தின் கிளை நடத்துவது ஒரு தனி வேடிக்கை.

இந்தப் பங்கை மற்றவற்றிலிருந்து பிரிப்பது அதன் வாடிக்கையாளர்கள். தற்காப்பு அமைச்சு, அயல்நாட்டு அரசாங்கங்கள், விமான நிறுவனங்கள். விமானம் பறந்தால் பழுதுபார்க்கத்தான் வேண்டும், அதைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. 2024 முடிவில் கையில் இருந்த வேலை ஆணைகள் 28.5 பில்லியன் வெள்ளி, அந்த ஆண்டின் வருமானம் 11.3 பில்லியன். புதிதாக எதுவும் வராவிட்டாலும் இரண்டரை ஆண்டுக்கு வேலை இருக்கிறது. இந்த வசதி விமான நிறுவனத்துக்குக் கிடையாது, அடுத்த மாத டிக்கெட் அடுத்த மாதம்தான்.

இந்தப் பங்கில் எனக்குத் தெரியும் குறை அதன் விலை. 2025இன் தொடக்கத்தில் 5 வெள்ளிக்குக் கீழே இருந்தது, உலகம் முழுக்க ராணுவச் செலவு கூடும் என்ற பேச்சில் ஆண்டின் நடுவிலேயே 8 வெள்ளியைத் தாண்டிவிட்டது. 2024க்கான ஈவு 17 காசு. 4 வெள்ளிக்கு வாங்கியவருக்கு அது 4.25 விழுக்காடு. 8 வெள்ளிக்கு வாங்குபவருக்கு 2.1. மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கே 2.5 விழுக்காடு தருகிறது, அதுவும் ஆபத்தே இல்லாமல். அதனால் மசேநி பணத்தை எடுத்து இதை வாங்க நினைப்பவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். சாதாரணக் கணக்கில் 20,000 வெள்ளியை விட்டுவைத்த பிறகுதான் முதலீடு செய்யலாம், பங்குக்கு உச்சவரம்பு 35 விழுக்காடு என்ற விதியும் இருக்கிறது. எஸ்ஆர்எஸ் என்ற துணை ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கும் பணத்துக்கு இது பொருந்தும். அங்கே பணத்துக்கு வட்டி கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

இதே வகையில் இன்னும் இரண்டு. விமானம் பழுதுபார்க்கும் எஸ்ஐஏ என்ஜினியரிங், பங்கு எண்ணிக்கை மாறாதது, கடன் சுமை இல்லாதது. ஆனால் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தாய் நிறுவனத்திடமே இருப்பதால் சந்தையில் கைமாறுவது குறைவு. விமான நிலையத்தில் உணவும் சரக்கும் கவனிக்கும் சேட்ஸ், 2023இல் வேர்ல்ட்வைட் ஃபிளைட் சர்வீசஸ் என்ற சரக்குக் கையாளும் நிறுவனத்தை வாங்க 1,000 பங்குக்கு 323 என்று 2.20 வெள்ளி விலையில் ரைட்ஸ் கேட்டது. 2018/19இல் 19 காசு ஈவு கொடுத்தது, 2024/25இல் 5 காசு. வாங்கியது நல்ல தொழிலாக இருக்கலாம். அது எண்களில் தெரியட்டும், பிறகு பார்க்கலாம்.

கப்பல்தளங்களை நான் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். செம்ப்கார்ப் மரீன் 2020இல் ரைட்ஸ் கேட்டது, ஒன்றுக்கு ஐந்து, 20 காசில். 2021இல் மறுபடியும், இரண்டுக்கு மூன்று, 8 காசில். பிறகு கெப்பலின் கடல்துறைப் பிரிவோடு இணைந்து சீட்ரியம் ஆனது, 2024இல் இருபது பங்கை ஒன்றாக்கியது. 1,000 பங்கு வைத்துக்கொண்டு ரைட்ஸ் எதற்கும் பணம் கட்டாதவரிடம் இன்று 50 பங்கு. கப்பல் கட்டும் யாங்ஸிஜியாங் இதற்கு நேர்மாறு. சீனாவின் ஜியாங்சு மாநிலத்துத் தளம், பங்கு எண்ணிக்கை நிலையானது, ரொக்கம் நிறைய. ஆனால் 2025 பிப்ரவரியில் சீனக் கப்பல்களுக்குத் துறைமுகக் கட்டணம் என்று அமெரிக்கா வாயைத் திறந்ததுமே பங்கு சரிந்தது. கப்பல் கட்டும் தொழிலுக்கு ஏற்றமும் இறக்கமும் பத்தாண்டுச் சுற்று. ஏற்றத்தின் உச்சியில் லாபம் மிக அழகாகத் தெரியும், விலை மலிவு போலவும் தெரியும்.

கடலைப் பற்றிப் பேசும்போது துறைமுகங்களை வைத்திருக்கும் ஹட்சிசன் போர்ட் ஹோல்டிங்ஸ் டிரஸ்டையும் சொல்லாமல் விட முடியாது. 2011இல் 1.01 அமெரிக்க டாலருக்குப் பட்டியலில் ஏறியது. ஈவு விகிதம் ஆண்டுதோறும் கண்ணைக் கவரும். அதன் பங்கான யூனிட்டின் விலை பிறகு 20 அமெரிக்கக் காசுக்கும் கீழே போனது. கையில் வந்த ஈவில் ஒரு பகுதி நாம் போட்ட முதலே.

வெளிநாட்டுக்குப் போனால் எனக்குப் பிடித்தது வட அமெரிக்க ரயில். பயணிகள் ரயிலைச் சொல்லவில்லை, சரக்கு ரயிலை. அமெரிக்காவின் மேற்குப் பாதியில் யூனியன் பசிபிக், பிஎன்எஸ்எஃப் இரண்டே பெரிய நிறுவனங்கள். பின்னதை 2010இல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் முழுதாக வாங்கிவிட்டது. இன்றைக்கு யாரும் புதிதாக இரண்டாயிரம் மைல் தண்டவாளம் போட்டுப் போட்டிக்கு வரப்போவதில்லை. நிலம் கிடைக்காது, அனுமதி கிடைக்காது. அதனால் கோதுமையும் ரசாயனமும் ஏற்றிப்போகும் கூலியை நிறுவனத்தால் ஆண்டுதோறும் கொஞ்சம் கூட்ட முடிகிறது. சொந்தத் தண்டவாளத்தைத் தன் லாபத்திலேயே பராமரித்து, பல ஆண்டு தன் பங்குகளையே திரும்ப வாங்கிவந்தது. 2010இல் இன்றைய கணக்கில் ஏறக்குறைய ஒரு பில்லியன் பங்கு இருந்த யூனியன் பசிபிக்கில் 2024 முடிவில் இருப்பது 0.6 பில்லியன் சொச்சம். எஸ்ஐஏவின் எண்ணை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் சிங்கப்பூர்வாசிக்கு இதில் இரண்டு முள். அமெரிக்காவோடு நமக்கு வரி ஒப்பந்தம் இல்லாததால் ஈவில் 30 விழுக்காடு பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். இங்கே ஈவுக்கும் வரி இல்லை, விற்ற லாபத்துக்கும் வரி இல்லை என்று பழகிய நமக்கு அது எரிச்சல்தான். இரண்டாவது, பலரும் கவனிக்காதது. அமெரிக்கப் பங்குகள் 60,000 அமெரிக்க டாலருக்கு மேல் வைத்திருந்து ஒருவர் இறந்துபோனால் அமெரிக்க எஸ்டேட் வரி வரும். குடும்பத்துக்குப் பெரிய தலைவலி. சுற்றுவழி உண்டு. கனடியன் நேஷனல் ரயில்வே நியூயார்க்கிலும் கைமாறுகிறது, ஆனால் கனடா நிறுவனம் என்பதால் அந்த எஸ்டேட் வரிக்குள் வராது. கனடாவோடு ஒப்பந்தம் இருப்பதால் ஈவில் பிடித்தம் 15 விழுக்காடு. தனிப்பங்கே வேண்டாம் என்பவர் அயர்லாந்தில் பதிவாகி லண்டனில் கைமாறும் தொழில்துறை இடிஎஃப் வாங்கலாம், அங்கேயும் எஸ்டேட் வரித் தொல்லை இல்லை.

அமெரிக்கா என்றாலே பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். ஜெனரல் எலெக்ட்ரிக் ஒரு காலத்தில் தொழில்துறைப் பங்குகளுக்கே அடையாளம். 2018இல் அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் குறியீட்டிலிருந்து வெளியேறியது, அதே ஆண்டில் காலாண்டு ஈவை ஒரு காசுக்கு இறக்கியது, பிறகு மூன்றாகப் பிரிந்தது.

லார்சன் அண்ட் டூப்ரோ, அசோக் லேலண்ட் மாதிரி ஊர்ப் பங்குகளைப் பற்றி மாமா, மச்சான் யாராவது கட்டாயம் சொல்வார்கள். நல்ல நிறுவனங்கள்தான். ஆனால் 2010இல் ஒரு வெள்ளிக்கு முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு ரூபாய் கிடைத்தது. 2025இல் 65ஐத் தாண்டிவிட்டது. ரூபாயில் இரட்டித்த பங்கு வெள்ளியில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. விற்றால் இந்தியாவில் வரி, வெளிநாட்டு இந்தியர் கணக்கு, படிவங்கள் வேறு. ஓய்வுக்குப் பிறகு திருச்சியிலோ தஞ்சாவூரிலோ குடியேறுவதாக முடிவு செய்தவருக்கு இது பொருந்தும், அவர் செலவழிக்கப்போவது ரூபாய். பிள்ளைகள் இங்கேயே படித்து இங்கேயே வீட்டுக்கடன் கட்டுபவருக்கு அவ்வளவு அவசியமில்லை.

என் தேர்வைக் கேட்டால், இந்தத் துறைக்கென்று ஒதுக்கும் பணத்தில் பாதி எஸ்டி என்ஜினியரிங். ஒரே மூச்சில் வேண்டாம், இரண்டு மூன்று ஆண்டில் பிரித்து வாங்கலாம். 2015இலிருந்து நூறு பங்கே ஒரு லாட் (சந்தையில் ஒருமுறை வாங்கும் குறைந்த அளவு) என்பதால் 8 வெள்ளி விலையில்கூட ஆயிரம் வெள்ளிக்குள் ஒரு தவணை வாங்க முடியும். மீதியில் பெரும்பகுதி கனடா ரயிலுக்கு, கொஞ்சம் கம்ஃபர்ட் டெல்குரோவுக்கு. அறுபதைத் தொட்டவர் என்றால் கடைசி இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். எஸ்டி பங்கு 3 விழுக்காட்டுக்குக் கீழே ஈவு தரும் விலையில் இருக்கும்வரை தவணையைச் சின்னதாக வைப்பேன். எஸ்ஐஏவுக்கு இதில் இடமில்லை.

கடைசியாக ஒன்று. கெப்பல் பங்கு வைத்திருந்ததால், அந்தக் கப்பல்தள இணைப்பின்போது கேட்காமலே சீட்ரியம் பங்கு வந்து சேர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். 1,000 கெப்பலுக்கு 19,100 பங்கு வந்தது, இருபதை ஒன்றாக்கியபின் அது 955 ஆனது. அதில் 55 லாட்டில் சேராத உதிரி. சாதாரணச் சந்தையில் விற்க வராது, உதிரிப் பங்குச் சந்தையில்தான் விற்க வேண்டும், அங்கே கேட்பு விலை கொஞ்சம் கீழேதான் இருக்கும். 900ஐ விற்கும் நாளிலேயே இந்த 55ஐயும் தள்ளிவிடுங்கள். தனியாக இன்னொரு நாள் விற்கப் போனால் தரகர் வாங்கும் குறைந்தபட்சக் கட்டணமே அதில் ஒரு பெரிய துண்டைத் தின்றுவிடும்.